ஆனைக்குக் காசிருக்கு, அங்குசத்துக்குக் காசில்லையா?

மக்களே, இது கார் பைத்தியங்களுக்கு மட்டுமான பதிவு இல்லை. அந்தப் பைத்தியங்கள் ஓட்டுற வண்டியில பின்சீட்டுல உக்காந்து போற அப்பாவிகளுக்கும்தான். கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். நம்ம பசங்க காருக்கு ஆஃப்டர்மார்க்கெட் எக்ஸாஸ்ட் வாங்கி மாட்டுறாங்க. ஹெட்டர், டவுன்பைப், பின்னாடி பளபளன்னு ஒரு சைலன்சர். பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். அதுல பேரம் கிடையாது, இ.எம்.ஐ. கூட உண்டு. எல்லாம் பிரிச்சுப் போட்ட பிறகு மெக்கானிக் ஒரு கேள்வி கேட்பார்: "தம்பி, பேக்கிங் புதுசு வாங்கிடலாமா, பழசே போட்டுரவா?" அந்த ஒரு நிமிஷத்துலதான் நம்ம ஆளுக்குப் பொருளாதார ஞானம் பொங்கி வரும். "பழசே நல்லாத்தானேண்ணே இருக்கு?"

பேக்கிங்னா கேஸ்கெட்தான். ரெண்டு இரும்பு முகத்துக்கு நடுவுல உக்காந்து புகை கசியாம தடுக்கிற தகடு. ஒட்டுமொத்த செலவுல அதோட பங்கு சுண்டைக்காய்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். எக்ஸாஸ்ட் மாத்துறீங்களா? கேஸ்கெட் உள்ள எந்த மூட்டையெல்லாம் பிரிக்கிறீங்களோ, அத்தனைக்கும் புது கேஸ்கெட். இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. எதிர்க்கட்சி சொல்ற வாதங்களை ஒண்ணொண்ணா பார்ப்போம்.

வாதம் ஒண்ணு: "குக்கர் கேஸ்கெட்டை தினம் கழட்டிக் கழுவி மாட்டுறோமே, அது மட்டும் எப்படி?"

நல்ல கேள்வி. நானும் மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற ஜாதிதான். பேராசிரியர் நடத்தினதுல முக்கால்வாசி மறந்து போச்சு, ஆனா இது மறக்கலை. ஒரு பொருளை அமுக்கி விட்டா ரெண்டு விதமா நடந்துக்கும். ஒண்ணு, கையை எடுத்ததும் பழைய உருவத்துக்கே திரும்பும். இன்னொண்ணு, அமுங்கினது அமுங்கினபடியே கிடக்கும். குக்கர் கேஸ்கெட் ரப்பர், முதல் ஜாதி. தினம் அமுங்கும், தினம் எழும்பும். அதுகூட ஒரு நாள் இறுகிப் போய், விசில் வராம ஓரத்துல ஆவி போகும். உடனே நம்ம அம்மா என்ன செய்வாங்க? பாத்திரக் கடைக்குப் போய் புதுசு வாங்குவாங்க. பழசுக்கு மேல பேஸ்ட் தடவ மாட்டாங்க.

எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ரெண்டாவது ஜாதி. மெல்லிய ஸ்டீல் தகடுல சின்னதா மேடு தட்டியிருப்பாங்க, இல்லைன்னா கம்பி வலையில கிராஃபைட் அடைச்சிருப்பாங்க. நட்டு முறுக்கும்போது அந்த மேடு நசுங்கணும், கிராஃபைட் பள்ளங்களுக்குள்ள போய் அப்பணும். அதுதான் அதோட வேலை. முழு லோடுல பெட்ரோல் இன்ஜின்ல இருந்து வெளிய வர்ற வாயு 800 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமா தொடும். வருஷக்கணக்கா அந்தச் சூட்டுல வெந்து, ஆறி, வெந்து, ஆறி, ஒரே உருவத்துல உறைஞ்சு போயிருக்கும்.

இங்கதான் முக்கியமான சமாச்சாரம். பழைய கேஸ்கெட்டுங்கிறது அது நடுவுல உக்காந்திருந்த ரெண்டு முகங்களோட அச்சு. கழட்டின அதே பாகத்தை அதே இடத்துல திரும்ப மாட்டுறீங்கன்னா, அப்பக்கூட அது தப்புதான், ஆனா வாதாடவாவது ஒரு வழி இருக்கு. நீங்க மாட்டுறது புது ஹெட்டர். புது ஃப்ளேஞ்ச். அதோட மேடு பள்ளம் வேற, வெல்டிங் சூட்டுல வளைஞ்ச வளைவு வேற. அண்ணன் பல்லுக்கு அளவெடுத்துச் செஞ்ச பல்செட்டைத் தம்பிக்கு மாட்டி விட்டா எப்படி இருக்கும்? அதான் இது.

வாதம் ரெண்டு: "இன்னும் கொஞ்சம் டைட் வச்சா சரியாயிடும்."

ஆகாது. நசுங்க வேண்டியது ஏற்கெனவே நசுங்கிடுச்சு. இதுக்கு மேல முறுக்கினா வளையறது ஃப்ளேஞ்ச், இல்லைன்னா முறியறது ஸ்டட். துருப்பிடிச்ச ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ள முறிஞ்சா என்ன ஆகும்னு அனுபவப்பட்டவங்களைக் கேளுங்க. டிரில் போட்டு எடுக்கணும், திரும்ப மரை போடணும், வண்டி ஒரு வாரம் பட்டறையிலதான். கேஸ்கெட்ல மிச்சம் பிடிச்ச காசு அங்க மொத்தமா போகும்.

வாதம் மூணு: "சிலிக்கான் பேஸ்ட் தடவிட்டா ஒண்ணும் தெரியாது."

ஒண்ணும் தெரியாதுதான், ஒரு வாரத்துக்கு. பட்டறையில கிடைக்கிற சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் தாங்கறது சுமார் 300, 350 டிகிரி வரைக்கும். மேனிஃபோல்ட் வாயில அது கருகிச் சாம்பல்தான். போதாக்குறைக்கு, சென்சாருக்கு ஆகாத வகை பேஸ்ட்டா இருந்தா, அதுல இருந்து கிளம்புற சிலிக்கான் ஆவி ஆக்ஸிஜன் சென்சார் மேல படிஞ்சு அதையும் சேர்த்துக் கொல்லும்.

வாதம் நாலு: "லேசா கசிஞ்சா என்ன, புகை வெளியதானே போகுது?"

எனக்கு நிஜமா கோபம் வர்றது இங்கதான். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடுதுன்னு வச்சுக்குவோம். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் துப்பும். கணக்குப் போட்டா செகண்டுக்கு 100 துப்பல். அது சீரா ஓடுற ஆறு இல்லை, அலை. அலை போனதும் பின்னாடியே அழுத்தம் குறையும். அந்த இடைவெளியில ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள நுழையும்.

அந்த ஓட்டை ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி இருந்தா தீர்ந்தது கதை. சென்சார், "அய்யய்யோ, ஆக்ஸிஜன் மிஞ்சுது, பெட்ரோல் பத்தலை"ன்னு பொய் ரிப்போர்ட் அனுப்பும். கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலைக் கூட ஊத்தும். 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல்ங்கிற கணக்கு அடிபட்டுப் போகும். மைலேஜ் இறங்கும், எரியாம வந்த பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சு அதைச் சூடாக்கிச் சாகடிக்கும். நம்ம ஆள் என்ன சொல்வார்? "எக்ஸாஸ்ட் கம்பெனி ஏமாத்திட்டான் மச்சி." தப்பான டேட்டாவைக் கொடுத்துட்டு சாஃப்ட்வேரைத் திட்டுற க்ளையன்ட் மாதிரியே இருக்குல்ல?

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்டது, போனாப் போகுது. கார்பன் மோனாக்ஸைடு அப்படி இல்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். மேனிஃபோல்ட் பக்கம் கசிஞ்சா புகை பானெட்டுக்குள்ளதான் சுத்தும். ஏ.சி.க்குக் காத்து எடுக்கிற துவாரம் கண்ணாடிக்குக் கீழ, பானெட்டை ஒட்டியேதான் இருக்கு. சிக்னல்லயும் டோல்கேட்லயும் வண்டி நிக்கும்போது அந்தக் காத்து நேரா உள்ள வரும்.

எங்க டீம்ல ஒருத்தர் ஹெட்டர் மாத்தினார், பழைய பேக்கிங்கோட. அடுத்த வாரமே குடும்பத்தோட திருச்சிப் பயணம். விழுப்புரம் தாண்டறதுக்குள்ள பின்சீட்டுல அவர் வீட்டம்மாவுக்குத் தலைவலி, நாலு வயசுப் பொண்ணு ரெண்டு தடவை வாந்தி. "குழந்தைக்குக் கார் ஒத்துக்கலை"ன்னு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருக்கார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தா, ஃப்ளேஞ்ச் ஓரமா மை தடவின மாதிரி கரி. புது கேஸ்கெட் போட்ட பிறகு அதே ரோட்டுல அதே குழந்தை சிப்ஸ் தின்னுகிட்டே போயிட்டு வந்துச்சு. எலுமிச்சம்பழம் தேவைப்படலை. இந்தக் கதையை அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

சீல்னா சின்ன சாமான்தானேன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு தேதி: 1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பின 73 செகண்ட்ல சிதறி ஏழு பேர் செத்தாங்க. ராக்கெட்டோட மூட்டுல இருந்த ரப்பர் ஓ-ரிங் குளிர்ல விறைச்சு, அமுங்கினது எழும்பாம போனதுதான் காரணம். ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் அதை விசாரணையிலேயே ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணியில போட்டுக் காட்டினார். நம்ம கார் ராக்கெட் இல்லைதான். ஆனா இயற்பியல் ஒண்ணுதான். இடைவெளியை அடைக்க முடியாத சீல் வெறும் தகடு.

மெக்கானிக்கைத் திட்டறதுல எனக்கு உடன்பாடில்லை. அவர் கேட்டார், நம்மதான் வேண்டாம்னோம். புதுசுக்கு பில் போட்டுட்டு பழசையே மாட்டுற மகானுபாவர்களும் இருக்காங்க. அவங்களுக்கு மருந்து சுலபம்: "கழட்டின பழசைக் கையில கொடுங்கண்ணே"ன்னு வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க.

"அந்த வண்டிக்குத் தனியா கிடைக்காது தம்பி"ன்னு ஒரு பதில் வரும். வண்டியைப் பிரிச்சுப் போட்டுட்டு மத்தியானம் மூணு மணிக்குத் தேடினா கிடைக்காதுதான். பார்ட் நம்பரைக் குறிச்சு முன்னாடியே டீலர்கிட்ட ஆர்டர் போடுங்க. சென்னைக்காரங்க ஜி.பி. ரோட்டுல ஒரு ரவுண்ட் வாங்க. பேக்கிங் கைக்கு வந்த பிறகுதான் ஸ்பேனர் வண்டி மேல படணும்.

மாட்டும்போது ரெண்டு முகத்தையும் சொரசொரப்பு இல்லாம சுத்தம் பண்ணச் சொல்லுங்க. நடுவுல இருந்து ஓரத்துக்கு, கம்பெனி சொன்ன டார்க் அளவுக்கு முறுக்கணும். பழசு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற கில்லாடித்தனம் வேண்டவே வேண்டாம். மறுநாள் காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி காதைக் கொடுங்க. டிக் டிக்னு ஒரு சத்தம் வந்து, சூடாக ஆக அடங்கினா கசிவுன்னு அர்த்தம். இரும்பு விரிஞ்சு தற்காலிகமா ஓட்டையை மூடுது, அவ்வளவுதான். "சூடானா சரியாயிடுது சார்"னு சொன்னா நம்பாதீங்க.

முப்பதாயிரம் கொடுத்து சத்தம் வாங்கற தெம்பு இருக்கில்ல? கூட ரெண்டு தகடும் வாங்குங்க. இல்லையா, எக்ஸாஸ்ட்டே மாத்தாதீங்க. கம்பெனி போட்டதே தேவலை, அதுல கேஸ்கெட்டாவது ஒழுங்கா இருக்கு.

டிஸ்கி: "காப்பர் கேஸ்கெட்டைத் திரும்பப் போடலாமே"ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. கெட்டிக் காப்பரா இருந்தா, பழுக்கக் காய்ச்சி ஆற வச்சா திரும்ப மெத்துன்னு ஆகும், போடலாம். உங்க மெக்கானிக் அதைக் காய்ச்சறதை நீங்க கண்ணால பார்த்திருந்தா மட்டும் சண்டைக்கு வாங்க. வர்ட்டா!