செம்பனுக்கு விடை

வீட்டிலே பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்ந்த நாய்க்கு வயது 12, 13 ஆகிறது. கண்ணிலே புரை படர்கிறது, செவி மந்தமாகிறது, இராக்காலத்தில் எழுந்து முற்றத்துக்குப் போக மாட்டாமல் படுத்த இடத்தையே நனைத்துவிடுகிறது. அப்பொழுது குடும்பத்திலே ஒருவர் மெல்லச் சொல்கிறார்: "சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன? யாராவது சோறு போடுவார்கள்." இப்பேச்சு எத்தனை இல்லங்களில் எழுகின்றது என்பதை நேயர்கள் அறிவார்கள். கோயில் வாசலிலும் மீன் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் விலா எலும்பு தெரிய நின்று, வருகின்ற வாகனங்களையெல்லாம் நிமிர்ந்து பார்க்கும் கிழட்டு நாய்களைக் கண்டவர்களுக்கு, அந்த "யாராவது" பெரும்பாலும் வருவதில்லை என்பதும் தெரியும்.

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாய்க் கிடக்கும் மணல் நிலத்திலே உள்ள சிற்றூர் தலவில. புனித அன்னம்மாள் திருத்தலத்தின் ஓகஸ்ட் மாதத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஆயிரமாயிரமாய் வந்து கூடுகின்ற ஊர் அது. எம் தமக்கையார் வீடு அங்கே உண்டு. சென்ற திருவிழாவை ஒட்டி நாம் அங்கே தங்கியிருந்த வேளையில், அவ்வீட்டு நாயாகிய செம்பனுக்கு முடிவு நெருங்கிவிட்டது. 14 ஆண்டுகள் எம் மைத்துனரோடு விடியுமுன் கடற்கரைக்குப் போய், தோணி கரை திரும்பும்வரை மணலிலே காத்துக் கிடந்த நாய் அது. வீடு நிறைய விருந்தினர் வரப்போகிறார்கள். நோயுற்ற நாயை என்ன செய்வது? முன்னரே வந்துவிட்ட உறவினர் ஒருவர் மேலே சொன்ன அதே யோசனையைத்தான் சொன்னார். மைத்துனர் மறுமொழி பகரவில்லை. மறுநாட் காலை மிருக வைத்தியரை அழைத்து வந்தார். சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன, இனி அது வாழும் ஒவ்வொரு நாளும் வேதனையே என்று வைத்தியர் கூறிவிட்டார்.

அவ்வீட்டுப் பேரனுக்கு வயது ஒன்பது. அவன் கேட்டான்: "தாத்தா, செம்பனுக்கு நோகுமா?"

"ஊசி குத்தும்போது கொஞ்சம் நோகும். அதன்பின் நோகாது."

"பிறகு எழும்புமா?"

"இல்லை மகனே. செம்பன் செத்துப்போகும்."

மைத்துனர் இவ்வளவு பச்சையாகச் சொன்னதைச் சிலர் விரும்பவில்லை. எமக்கோ அதுவே சரியெனப் பட்டது. "தூங்கப் போகிறது" என்று சிறு பிள்ளைக்குச் சொன்னால், அன்றிரவு அப்பிள்ளை தான் தூங்குவதற்கே அஞ்சும். "எங்கேயோ ஓடிப்போய்விட்டது" என்றால் மாதக்கணக்காய் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வைத்தியர் தந்த விளக்கத்தையும் இங்கே எழுதிவைப்பது பயனுடையது. முதலிலே நாய் அமைதியுறுவதற்கு ஒரு மருந்து. பின்னர், மயக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தையே மிகையான அளவில் முன்னங்காலின் இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். சிறிது நேரத்திலே நினைவு தப்பும். அதன்பின்னரே மூச்சும் இதயமும் ஓய்கின்றன. கண்கள் மூடுவதில்லை. உயிர் பிரிந்த பிறகும் ஒரு நெடுமூச்சு எழலாம், தசை துடிக்கலாம். இதை முன்னறியாதவர் நாய் இன்னும் துன்புறுகிறதென்று எண்ணிக் கலங்குவர். மேலும் ஒன்று: வீட்டார் பார்க்க மாட்டாமல் விலகிப் போய்விட்டால், நாயின் கண் அவர்களைத் தேடும். செம்பனுக்கு அந்தக் குறை இல்லை. தென்னை நிழலிலே, சாக்கின்மேல், அதன் தலை மைத்துனரின் மடியில் இருந்தது. பேரன் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

(காரணமின்றிக் கடித்தோ, நீர் விழுங்க மாட்டாமல் வாயில் நுரை ஒழுகியோ மடியும் நாயை இவ்வாறு மடியில் ஏந்தலாகாது. அது விசர் நோயாயிருக்கலாம்; பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.)

மாலையில் தமக்கையார் கண் கலங்கியதைக் கண்ட அவ்வுறவினர், "நாய்க்காக அழுவதா?" என்றார். தோபித்து நூலிலே மகன் தூரதேசம் புறப்பட்டபோது நாயும் உடன் போயிற்று என்று எழுதியிருக்கிறதே என்றார் தமக்கையார். எமக்கு நினைவில் வந்தது வேறொன்று. தமிழகத்திலே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளின் பொருட்டு உயிர்விட்ட வீரன் ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. எத்தனையோ ஊர்த்தலைவர்களின் பெயரே மறைந்துபோயிருக்க, ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது! நாய்க்காக வருந்துவது பிறநாட்டு நாகரிகம் என்று எண்ணுவோர் ஒருமுறை அக்கல்லைப் பார்த்துவருவது நல்லது.

அடக்கம் செய்வதிலும் கவனம் வேண்டும். அப்பகுதியிலே நல்ல நீர், மணலுக்கடியில் உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கின்றது. வீட்டுக்கு வீடு கிணறு. ஆகையால் கிணற்றைவிட்டுத் தொலைவாக, மேடான இடம் பார்த்துக் குழி தோண்டினோம். ஊசி மருந்தின் நஞ்சு இறந்த உடலிலே நெடுநாள் தங்கும். குழியைக் கிளறித் தின்னும் பிற நாய்களும் அதனால் மடியக்கூடும். மணலைக் கிளறுவதோ எளிது. எனவே நாலடி ஆழத்தில் இட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, மேலே இரண்டு பனங்குற்றிகளை உருட்டி வைத்தோம். பேரன் சிப்பிகளைப் பொறுக்கி வந்து சுற்றிலும் அடுக்கினான்.

இரண்டு நாட்களில் வீடு விருந்தினரால் நிறைந்துவிட்டது. சமையலின்போது தமக்கையார் பழக்கத்தினாலே மீன் தலைகளைத் தனியே அவித்து ஆறவைத்துவிட்டார். பின்பு அந்தச் சட்டியைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பேரன் அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய், அங்கே திரியும் நாய்களுக்குப் போட்டுவிட்டு வந்தான்.