வெள்ளிக் கரண்டி கறுக்காது!

2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2020 ஏப்ரலில், மேகாலயாவில் லாமின் என்ற கிராமத்தில் ஆறு பேர். இரண்டும் கோடை மழை தொடங்குகிற அதே ஏப்ரல் மாதம் என்பதைக் கவனியுங்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தவுடன் இரண்டு கூட்டம் பேச ஆரம்பிக்கும். ஒன்று, "காட்டுக் காளானையே தொடாதீர்கள்" என்று அறிக்கை விட்டுவிட்டுத் தூங்கப் போகிற கூட்டம். இன்னொன்று, "விஷக் காளானைக் கண்டுபிடிக்க ஐந்து எளிய வழிகள்" என்று துணுக்கு எழுதுகிற கூட்டம். முதல் கூட்டத்துக்குச் சோம்பேறித்தனம். இரண்டாவது கூட்டம் ஆபத்தானது. அதனால் இரண்டாவதில் இருந்தே தொடங்கலாம்.

அந்த ஐந்து வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். வேகும்போது வெள்ளிக் கரண்டியை விட்டால் கறுக்கும். பூண்டு போட்டால் நிறம் மாறும். பூச்சி அரித்திருந்தால் மனிதனும் தின்னலாம். தோல் உரிந்தால் நல்லது. உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் விஷம் இறங்கிவிடும். தாத்தா காலத்து நாள்காட்டித் துணுக்கில் இருந்து இன்றைய வாட்ஸ்அப் வரை இந்தப் பட்டியல் மாறவே இல்லை.

ஒன்று கூட உண்மை இல்லை. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். வெந்த முட்டையில் கரண்டியை வைத்தாலும் கறுக்கும், அதற்காக முட்டை விஷமா? அமானிட்டா ஃபலாய்டிஸ், அதாவது 'மரணத் தொப்பி' என்று பேர் வாங்கிய காளான், கரண்டியைக் கறுக்க வைக்காது. அதை நத்தை தின்கிறது. சிலவகைப் பழ ஈக்களின் புழுக்கள் இந்த விஷம் உள்ள காளானிலேயே வளர்கின்றன. பூச்சிக்கு ஒத்துக்கொள்வது மனிதனின் ஈரலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த விஷம் சிதைவதில்லை. பிழைத்தவர்கள் சிலர் அது ருசியாக இருந்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள்!

"கொஞ்சம் தின்று பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் பொறு" என்பதும் ஒரு யோசனை. இதைவிட மோசமான யோசனை கிடையாது. ஏனென்றால் இந்த விஷம் ஆறு மணி நேரத்தில் இருந்து ஒரு நாள் வரை சும்மா இருக்கும். பிறகு வாந்தி, பேதி. அப்புறம் ஒரு நாள் போல நோயாளி தேறிவிட்ட மாதிரி தெரியும், வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. உள்ளே ஈரல் செல்களில் ஆர்.என்.ஏ. தயாரிக்கிற நொதியை அது பிடித்து நிறுத்தியிருக்கும். புதிய புரதம் செய்ய முடியாமல் செல்கள் சாகும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மஞ்சள் காமாலையோடு திரும்பி வரும்போது பல பேருக்கு மாற்று ஈரல்தான் வழி. ஒரு முழுக் காளான் ஒரு பெரிய ஆளுக்குப் போதும்.

இந்த எளிய வழிகளின் அடிப்படைத் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் தின்னக்கூடியது காளான், மற்றதெல்லாம் நாய்க்குடை. பேச்சுக்குச் சரி. ஆனால் 'விஷக் காளான்' என்று இயற்கையில் ஒரு சாதி கிடையாது. ஒரே பேரினத்துக்குள் அண்ணன் விருந்து, தம்பி எமன்! ரோமானியர்கள் கொண்டாடிச் சாப்பிட்ட ஆரஞ்சு நிற அமானிட்டா சிசேரியாவும் மரணத் தொப்பியும் ஒரே பேரினம். இரண்டுக்கும் தண்டில் வளையம், அடியில் பை. அதே பேரினத்தில் ஐரோப்பாவில் இன்னொரு ஜோடி உண்டு. அமானிட்டா ரூபசென்ஸ், நன்றாக வேகவைத்தால் உணவு. அமானிட்டா பாந்தரினா, மூளையைக் கலக்கும் விஷம். முதலாவதை அறுத்தால் சதை மெல்லச் சிவக்கும், இரண்டாவது சிவக்காது. "ஆகா, இதோ எளிய அடையாளம்" என்று துள்ளவேண்டாம். இளசாக, புதுசாக இருந்தால் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் தெரிந்தவர்கள் சிவப்போடு நிற்பதில்லை. வளையத்தின் மேல்பக்கம் கோடு கோடாக இருக்கிறதா வழுவழுப்பாக இருக்கிறதா, தண்டின் அடி எப்படி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஒன்று ஒத்துவராவிட்டாலும் கூடையில் போடமாட்டார்கள்.

சொந்தபந்தம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும் இருப்பதில்லை. குடையில் பழுப்புச் செதில் உள்ள பெரிய 'குடைக் காளான்கள்' இரண்டை ஐரோப்பியர்கள் நெடுங்காலம் மேக்ரோலெபியோட்டா என்ற ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். இரண்டையும் சாப்பிட்டார்கள். 2002 வாக்கில் மரபணுவைப் பார்த்தபோது அதில் ஒன்று, ரக்கோடிஸ் என்பது, பங்காளி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது! அதன் நெருங்கிய சொந்தம் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், வெப்ப நாடுகளில் புல்தரையில் மழைக்குப் பிறகு வெள்ளை வெளேரென்று முளைத்து, தின்றவர்களை வாந்தி பேதியில் தள்ளுவது. நம்மூர்ப் பூங்காக்களிலும் இது வரும். முதிர்ந்தால் செவுள்கள் பச்சையாகும். ஆனால் இளசாகப் பறித்தால் வெள்ளைதான். குடையை வெட்டி, செவுள் கீழே இருக்க ஒரு காகிதத்தில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி ராத்திரி முழுக்க வைத்தால் வித்துத் தூள் படியும். பச்சையாகப் படிந்தால் விஷயம் முடிந்தது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு காகிதமும் பொறுமையும். 'ஐந்து எளிய வழிகள்' எழுதுகிறவர்கள் இதை எழுதுவதே இல்லை. பொறுமை எளிய வழி இல்லை அல்லவா...

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பட்ட மரத்தில் முளைக்கும் கலெரினா என்ற சின்னப் பழுப்புக் காளானில் மரணத் தொப்பியின் அதே விஷம் இருக்கிறது. ஆட்டம்னாலிஸ், வெனெனேட்டா, யூனிகலர் என்று தனித்தனி இனங்களாகப் பெயர் வைத்து, வித்தியாசம் எழுதி, அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். 2001இல் மரபணுவை ஒப்பிட்டால் எல்லாம் மார்ஜினேட்டா என்ற ஒரே இனம். நிபுணர்கள் எழுதிய வித்தியாசமே இந்த லட்சணம் என்றால், ஒரு போட்டோவைப் பார்த்துப் பேர் சொல்கிற செல்போன் செயலியை என்ன சொல்வது? ஆஸ்திரேலியாவில் இப்படி மூன்று செயலிகளைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். இருப்பதில் நல்ல செயலியே பாதி அளவுக்குத்தான் சரியாகச் சொன்னது. அதே வருடம் எந்திரமே எழுதியதாகத் தெரிந்த காளான் வழிகாட்டிப் புத்தகங்கள் இணையக் கடையில் விற்பனைக்கு வந்து, நியூயார்க் காளான் சங்கம் எச்சரிக்கை விடவேண்டியிருந்தது. போட்டோவில் தண்டின் அடிப்பை மண்ணுக்குள் கிடக்கும். மணம் வராது. வித்துத் தூள் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு எந்திரம் மட்டும் என்ன செய்யும், பாவம்.

"எங்கள் பாட்டி காலத்தில் இருந்து சாப்பிடுகிறோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டியின் அறிவு உயர்ந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது பாட்டியின் காட்டுக்கு உரியது. வைக்கோல் காளானை மொட்டாகப் பறித்துப் பழகிய ஆசியர்கள் கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அங்கே ஐரோப்பாவில் இருந்து வந்த மரங்களின் வேரோடு மரணத் தொப்பியும் வந்து குடியேறியிருந்தது. மொட்டுப் பருவத்தில் இரண்டும் அசப்பில் ஒன்று. வைக்கோல் காளானின் வித்துத் தூள் இளஞ்சிவப்பு, மரணத் தொப்பியுடையது வெள்ளை. மொட்டில் அது எப்படித் தெரியும்? 2011 டிசம்பர் 31 அன்று கான்பெராவில் இந்தக் காளான் சேர்ந்த விருந்தைச் சாப்பிட்டவர்களில் இருவர் இறந்தார்கள். ஒருவர் சீனாவில் இருந்து வந்த சமையல்காரர். உணவு தெரியாதவர் அல்ல.

பாட்டி சொன்னது அந்த ஊரிலேயே பொய்த்ததும் உண்டு. பிரான்சில் தலைமுறைகளாக விரும்பிச் சாப்பிட்ட டிரைக்கலோமா ஈக்வெஸ்ட்ரே என்ற மஞ்சள் காளான், 1992க்கும் 2000க்கும் இடையில் 12 பேருக்குத் தசையைச் சிதைத்து, மூன்று பேரைக் கொன்றது. எல்லாரும் அடுத்தடுத்துப் பல வேளை சாப்பிட்டவர்கள். ஜெர்மானியக் காளான் அறிஞர் யூலியுஸ் ஷேஃபர் 1944இல் இறந்தது, அந்தக் காலத்தில் உணவு என்று நம்பப்பட்ட பேக்ஸிலஸ் காளானைச் சாப்பிட்டு. அறிஞருக்கே இந்த கதி.

சரி, அப்படியென்றால் முதல் கூட்டம் சொல்வதுதானே சரி, தொடாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். நகரத்தில் மொட்டுக் காளான் பாக்கெட் வாங்குகிறவர்களுக்குச் சரிதான். (பாக்கெட்டையும் ரொம்ப நம்பவேண்டாம். லண்டன் கடையில் வாங்கிய ஒரு உலர் காளான் பாக்கெட்டை கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் சோதித்தபோது, உள்ளே அறிவியலில் பெயரே இல்லாத மூன்று சீன இனங்கள் இருந்தன! 2014இல் பெயர் வைத்தார்கள். நல்லவேளை, மூன்றும் உணவுதான்.) ஆனால் மழை வந்தால் கறிக்குப் பதிலாகக் காளான் பறிக்கிற குடும்பத்திடம் "தொடாதே" என்று சொன்னால் கேட்பார்களா? நூறு முறை தின்று ஒன்றும் ஆகாதவர்கள் அவர்கள். அந்த அறிக்கையில் எந்தக் காளான் கொன்றது என்று இருக்காது, படம் இருக்காது. நூறு நல்லதையும் ஒரு கெட்டதையும் சேர்த்துத் தடை செய்கிற அறிக்கையை அவர்கள் பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சீனாவின் யுன்னான் மலைக் கிராமங்களில் முப்பது வருடங்களில் சுமார் 400 பேர் திடீர் திடீரென்று மாரடைத்து இறந்தார்கள். 2010 வாக்கில் ஆய்வாளர்கள் சின்னஞ்சிறு வெள்ளைக் காளான் ஒன்றின்மேல் சந்தேகப்பட்டார்கள், பிறகு டிரோஜியா வெனெனேட்டா என்று பெயரிட்டார்கள். அதுதான் முழுக் காரணமா என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதாடலாம். ஆனால் கிராமத்தாரிடம் "காளானே தின்னாதே" என்று சொல்லவில்லை. "இந்தச் சின்ன வெள்ளையைத் தின்னாதே" என்றார்கள். கேட்டார்கள், சாவு குறைந்தது. சுவிட்சர்லாந்தில் ஊருக்கு ஊர் காளான் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் சங்கம் 1925இல் தொடங்கியது. பறித்த கூடையைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஒவ்வொன்றாகப் பார்த்து, கெட்டதை எடுத்துவிட்டு மீதியைத் தருவார்கள். பிரான்சில் மருந்தாளுநர் படிப்பிலேயே காளான் பாடம் உண்டு, மருந்துக்கடையில் காட்டிக் கேட்கலாம். பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க இதில் என்ன இருக்கிறது? தேவை ஒரு மேசை, ஒரு கத்தி, படித்த ஒரு ஆள்.

தேயிலைத் தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் மருந்தாளுநரும் இருக்கவேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்டாயிற்று. அந்த ஆளுக்கு அந்த வட்டாரத்தில் முளைக்கும் நாலைந்து கொலைகாரக் காளான்களை மொட்டில் இருந்து முதிர்ச்சி வரை, நல்லதை அதன் கெட்ட தம்பியோடு பக்கத்தில் வைத்து, பாதியாக அறுத்துக் காட்டிப் பழக்க எத்தனை நாள் ஆகும்? தோட்டத்தில் காளான் பறிக்கும் பெண்களையே கூட உட்காரவைத்துப் பழக்கலாம், அவர்கள் கண் கூர்மை. ஏப்ரல் மழைக்கு முன்னால் மார்ச்சில் செய்யவேண்டிய வேலை இது.