கட்டடம் மட்டும் அரங்கமல்ல

"முதலில் கட்டடத்தைச் சீர்படுத்துங்கள்; நாடகம் தானாக வரும்" என்கிறார்கள், பழைய அரங்குகளைக் காக்கக் கிளம்பியவர்கள். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பிலிருந்து இதை அடியோடு மறுக்கிறேன்.

சென்னை விக்டோரியா பொதுக்கூடத்துக்கு 1886இல் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. அதைவிட நீண்டகாலத் திட்டம் வேண்டுமா? பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை அங்கே மேடையேறி ஊரைக் கட்டிப்போட்டது. 1930களில் சபை மவுண்ட் ரோடுக்குப் போய்விட்டது. குத்தகையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு மிச்சம் இருந்தது. ஆனால் மேடையைத் தன் வீடாக நினைத்த குழு இல்லை. பிற்பாடு அந்தச் செங்கல் மாளிகை பல்லாண்டு பூட்டிக் கிடந்தது.

வாரந்தோறும் ஒத்திகை நடக்கும் மேடையில், தூணோரம் கறையான் மண்கோடு இழுத்தால் அன்றைக்கே யாராவது பார்த்துவிடுவார்கள். பூட்டிய அரங்கில் பலகை காலடியில் நொறுங்கும்போதுதான் தெரியும். கட்டடத்தைக் காப்பதே ஆடுகிறவர்கள்தாம்.

பார்சி நாடகத்தைப் பார்த்து 1880களில் பங்சாவான் என்ற மலாய் இசைநாடகம் பிறந்த மாநிலம் எங்கள் பினாங்கு. ஜார்ஜ்டவுனின் சுவர்களுக்கு 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது, நல்லது. அடுத்த இருபது ஆண்டுத் திட்டத்தில் சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் ஒதுக்கும் பணத்தோடு, பயிற்சியாளர் சம்பளத்தையும் எழுதுங்கள். பினாங்குத் தீவிலிருந்து வரும், 2014இல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானில்தான் வந்து இறங்குகிறது. இரவு ஒத்திகை முடிந்ததும் எங்கள் தென் செபராங் பிறைப் பிள்ளைகளை அதன்வழி வீடு சேர்க்கும் வேன் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.