உளி யார் கையில்?

மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தில் வில்லோடு வேடர்கள் நிற்கிறார்கள். பல்லவர் கலை என்று வாயைப் பிளக்கிறோம். எங்க கூரத்து வயல்ல எலிவளை வெட்ட வரும் இருளரை மட்டும், "இங்க என்னாடா வேலை?" என்கிறோம். 1972 வனவிலங்குச் சட்டம் அவர்களுடைய பாம்புத்தோல் பிழைப்பைக் குற்றமாக்கியது. 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகே, விஷம் எடுத்து விற்றுக் கொஞ்சம் பேர் நிமிர்ந்தார்கள்.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களுக்கும் இதே கதைதான். சீல் வேட்டையைக் கல்லில் செதுக்கினால் அருங்காட்சியகம் வாங்குது. நிஜ சீல் தோலுக்கு 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. இனுயிட்டுக்கு விலக்கு உண்டாம். சந்தையே விழுந்த பிறகு விலக்கு எதுக்கு?

ஆனாலும் தோழர்களே, அங்கே உளி வேட்டைச் சமூகத்தின் கையில் இருக்கு. கின்கெய்ட் ஊரில் 1959 முதல் கூட்டுறவு நடக்குது. செதுக்கியவர் தன் எழுத்திலேயே கல்லின் அடியில் பெயர் வெட்டுகிறார். மாமல்லபுரத்து வேடனைச் செதுக்கச் சொன்னவன் அரசன். வேடனை யார் கேட்டது?

அரசனை ஏசிட்டு நாம் தப்பிக்க முடியாது. எங்க சேரியும் இருளரைத் தள்ளித்தான் வச்சிருக்கு. அவங்களுக்காக நாம பேச வேணாம். நகர்ந்து இடம் விடுவோம். அவங்க வேட்டையை அவங்களே சொல்லட்டும்.