கண் இருக்கிறது... ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் வீட்டு வாசலில் கேமரா இருக்கிறதா? சந்தோஷம். ஒரு சின்னப் பரீட்சை. போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வாசலில் யார் நின்றார்கள் என்று எடுத்துக் காட்டுங்கள். பத்து நிமிஷம் தருகிறேன்.

காட்டிவிட்டீர்களா? சபாஷ். நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

இந்தப் பரீட்சையில் வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். ‘ஆப் சுத்திக்கிட்டே இருக்கு சார், திறக்க மாட்டேங்குது.’ ‘பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரியும், அவன் பெங்களூர்ல இருக்கான்.’ ‘திங்கள் இருக்கு, புதன் இருக்கு, செவ்வாய் மட்டும் காணோம்.’ எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பதில்: ‘லைவ் நல்லாத் தெரியுதே!’

அங்கேதான் ஏமாறுகிறோம். லைவ் தெரிவது ஒரு வேலை. பதிவாவது வேறு வேலை. கேமராவுக்குப் பார்க்கத்தான் தெரியும். பார்த்ததை எழுதிவைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டியது ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். திருடன் வரும் நேரத்தில் நீங்கள் லைவ் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அல்லது திருப்பதி க்யூவில் நின்றுகொண்டிருப்பீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது பதிவுக்காக. கடைக்காரர் விற்றதோ மெகாபிக்ஸல். ‘எட்டு மெகாபிக்ஸல் சார், நம்பர் பிளேட் பளிச்சுனு தெரியும்’ என்பார். அந்தப் பளிச் நாளைக்கு மறுநாள் இருக்குமா என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

‘போனாப் போகுது சார், ஒரு நாள் பதிவுதானே’ என்று நினைக்காதீர்கள். வீட்டில் நகை காணவில்லை என்று வையுங்கள். பதிவைத் தேடுகிறீர்கள், இல்லை. அடுத்த நிமிஷம் சந்தேகம் யார் மேல் விழும்? அடுத்த ஃப்ளாட் ஆடிட்டர் மேலா? இல்லை. பாத்திரம் தேய்க்க வரும் அம்மா மேல். தண்ணீர் கேன் போடும் பையன் மேல். வாட்ச்மேன் மேல். அன்றைக்கு அந்த அம்மா உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று நிரூபிக்கக்கூடிய ஒரே சாட்சி உங்கள் கேமரா. அந்த சாட்சிக்கு ஞாபக மறதி. கேமராவே இல்லாத வீட்டில்கூட நாலு பேரை விசாரிப்பார்கள், யோசிப்பார்கள். கேமரா மாட்டிய வீட்டில் ‘அழிஞ்சுபோச்சா? யார் அழிச்சா?’ என்று அதற்கும் சேர்த்து ஒரு ஏழை மேல் பழி விழும். ஒழுங்காகப் பதியாத கேமரா, கேமராவே இல்லாததைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இது கற்பனை பயம் இல்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் சித்ரவதைக்கு ஆளாகி இறந்துபோனார்கள். நேரில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதிய அறிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஆனால், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங். அந்த ராத்திரியின் காட்சிகள் இல்லை.

அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நாட்டின் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. வேலை செய்யாத ஸ்டேஷன் கேமராக்களுக்காக 2025 செப்டம்பரில் அதே கோர்ட் தானாகவே மறுபடி வழக்கை எடுக்க வேண்டி வந்தது.

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். நானும் திட்டுகிறேன். ஆனால் உங்கள் வீட்டு செட்டிங் எத்தனை நாளில் அழிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

சரி, ஏன் அழிகிறது? ஏன் பதிவாவதே இல்லை? பேய் பிசாசு காரணம் இல்லை. எல்லாம் அற்பமான காரணங்கள்.

ஒன்று, ‘அசைந்தால் மட்டும் பதிவு செய்’ என்ற கெட்டிக்காரத்தனம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் மிச்சமாம். பகலில் தென்னங்கீற்று நிழல் ஆடினால் பதியும். ராத்திரி லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால், இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் வலை பளபளக்க, விடிய விடியப் பதியும். மெதுவாக நடந்து வரும் ஆளைக் கண்டுபிடித்துப் பதிய ஆரம்பிக்கும்போது அவர் முதுகைத்தான் காட்டும்.

இரண்டு, கரண்ட் கட். நிறைய சாஃப்ட்வேர்கள் எம்.பி.4 ஃபைலாகச் சேமிக்கின்றன. சாதாரண எம்.பி.4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்கிற பொருளடக்கம் கடைசியில்தான் எழுதப்படும். அதை எழுதும் முன் கரண்ட் போனால், ஃபைல் இருக்கும், திறக்காது. மெயினை அணைத்துவிட்டு உள்ளே வரும் திருடனுக்கு இதைவிட நல்ல நண்பன் உண்டா? சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதும் சாஃப்ட்வேருக்கு இந்த வியாதி இல்லை. போனால் கடைசித் துண்டு மட்டும் போகும்.

மூன்று, கடிகாரம். பெட்டிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போனால், கரண்ட் வந்ததும் சில பெட்டிகள் 2000 ஜனவரி 1ஆம் தேதிக்குப் போய்விடும். திருடன் கால் நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டுப் போயிருப்பான்.

நாலு, டிஸ்க். ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று தனியாகத் தயாரிக்கிற ஹார்ட் டிஸ்க் உண்டு. அதற்குப் பதில் பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போட்டுவிடுகிறார்கள். கேமராவுக்குள்ளேயே செருகும் மெமரி கார்டோ, அழித்து அழித்து எழுதித் தேய்ந்துபோகும். செத்துப்போனதைச் சொல்லக்கூட சாஃப்ட்வேருக்கு வாய் இல்லை.

என் கோபமெல்லாம் இந்த நாலாவது மேல்தான். எந்த மெஷினும் ரிப்பேர் ஆகும். கிரைண்டர் நின்றால் மாவு அரையாது, உடனே தெரியும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் நின்றால் ஒன்றுமே தெரியாது. மூலையில் சிவப்புப் புள்ளி ‘ரெக்’ என்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். எட்டு மாதம் கழித்து, தேவைப்படுகிற அந்த ஒரு நாளில்தான் குட்டு வெளிப்படும். இப்படி மௌனமாகச் சாகிற சாஃப்ட்வேரை விற்பதற்கு ‘செக்யூரிட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘அதான் கிளவுடில் ஏத்திட்டோமே’ என்பீர்கள். மாதச் சந்தா கட்டி, உங்கள் வாசலில் நடப்பதை ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, அதைப் பார்க்க நீங்களே அனுமதி கேட்டு நிற்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் கம்பெனியில் கோளாறு ஏற்பட்டு, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டு கேமராப் படங்கள் போய்ச் சேர்ந்தன. கம்பெனியே ஒப்புக்கொண்டது. இன்டர்நெட் இல்லாவிட்டால் பதிவு இல்லை, சந்தா நின்றால் பதிவு இல்லை, கம்பெனி கடையை மூடினால் கேமராவே பொம்மை. வீட்டுச் சாவியை வெளியூர்க்காரரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போக தினமும் போன் போடுகிற கதை.

மத்திய அரசு 2024ல் அறிவித்த விதிகள்படி, 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நல்ல காரியம். வெளியாள் உள்ளே நுழையாமல் இருக்க அது உதவும். செவ்வாய்க்கிழமை பதிவு ஏன் இல்லை என்று அந்தச் சான்றிதழிடம் போய்க் கேட்க முடியாது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்? கடைக்காரரைக் கூப்பிட்டால் ‘மாடல் பழசாயிடுச்சு சார், மொத்தமா மாத்திடலாம்’ என்பார். மாற்றாதீர்கள். கேமரா பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மாற்ற வேண்டியது பதிவு செய்கிற சாஃப்ட்வேரை.

இது சாத்தியம் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. ஆக்ஸிஸ், போஷ், சோனி மூன்று கம்பெனிகளும் 2008ல் சேர்ந்து ஆன்விஃப் என்ற பொது மொழியை ஆரம்பித்தன. அந்த மொழி பேசும் கேமரா எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், அதே மொழி தெரிந்த எந்த சாஃப்ட்வேரும் படத்தை வாங்கிப் பதியலாம். மாப்பிள்ளை வீட்டு சமையல்காரரே கல்யாணத்துக்கும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பந்திக்குச் சாப்பாடு ஒழுங்காக வந்தால் போதும்.

சமையல்காரர் இலவசமாகவே கிடைக்கிறார். பிலிப் கூம்ப்ஸ் என்பவரின் கராஜிலிருந்து சாமான்கள் திருட்டுப்போயின. அவர் புலம்பிக்கொண்டிருக்காமல் தானே ஒரு சாஃப்ட்வேர் எழுதி 2002ல் உலகத்துக்கே கொடுத்துவிட்டார். அதுதான் ஜோன்மைண்டர். இன்றைக்கு ஃப்ரிகேட் என்று இன்னொன்று பிரபலம். அசைவது ஆளா, நாயா, காரா என்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பிரித்துச் சொல்லும், படம் வெளியே போகாது. இரண்டும் ஓப்பன் சோர்ஸ். காசு கொடுத்து வாங்கத்தக்கவையும் உண்டு. எதை எடுத்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாலும் பதிவாகுமா?

2. பதிவு நின்றால் எனக்குச் சொல்லுமா?

3. திடீரென்று கரண்ட் போனால் அதுவரை பதிந்தது திறக்குமா?

4. ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரிலும் தனி ப்ளேயர் இல்லாமல் பார்க்கலாமா?

5. நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளுமா?

ஐந்தில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் வேண்டாம். நாலாவது கேள்வி கோர்ட் சம்பந்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, எலக்ட்ரானிக் பதிவோடு சான்றிதழும், அந்த ஃபைலுக்கு ஹாஷ் என்ற கைரேகை எண்ணும் கேட்கிறது. டி.வி. திரையில் ஓடவிட்டு அதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அது அசல் ஃபைல் ஆகாது.

இடம் போதுமா என்ற பயமா? பள்ளிக்கூடக் கணக்குதான். வினாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு நாளுக்கு 21.6 ஜி.பி. எழுதும். நாலு கேமராவுக்கு சுமார் 86 ஜி.பி. இரண்டு டெராபைட் டிஸ்க்கில் அசைந்தாலும் அசையாவிட்டாலும் இடைவிடாமல் எழுதினால்கூட 23 நாள் வரும். கெட்டிக்காரத்தனமே தேவையில்லை. ரௌட்டருக்கும் ரெக்கார்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ்., அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. சொந்தமாக வைக்கிறேன் என்று அதை இன்டர்நெட்டில் திறந்து போட்டுவிடாதீர்கள். 2016ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் பிடித்துப் படை திரட்டி, அக்டோபர் 21ஆம் தேதி ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்பட பல தளங்களை முடக்கியது. சோம்பேறி பாஸ்வேர்டு உலகத்துக்கே தொல்லை.

‘எனக்கு லினக்ஸ் எல்லாம் தெரியாதே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அபார்ட்மென்ட்டில் நிச்சயம் ஒரு என்ஜினீயரிங் மாணவர் இருப்பார். அசோசியேஷன் மீட்டிங்கில் பார்க்கிங் சண்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். அவருக்கு உரிய சம்பளத்தையும் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், கேமரா மாட்டியவரைக் கூப்பிட்டு அந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை பாக்கியைக் கொடுக்காதீர்கள். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் அவர் விற்கிற சரக்கு மாறும். கேட்காத வரையில் சிவப்புப் புள்ளியைத்தான் விற்பார்.

புதிய சாஃப்ட்வேர் போட்ட பிறகும் வேலை முடியாது. மாதம் ஒரு தடவை, கேஸ் சிலிண்டர் புக் பண்ணும் நாளிலோ, கரண்ட் பில் கட்டும் நாளிலோ, ஏதாவது ஒரு பழைய தேதியை எடுத்துப் பாருங்கள். திறந்ததா? நேரம் சரியா? முகம் தெரிகிறதா? இரண்டு நிமிஷ வேலை.

அந்த இரண்டு நிமிஷத்துக்குச் சோம்பல்பட்டால் ஒன்று செய்யுங்கள். ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று வாசலில் ஒட்டியிருக்கிறீர்களே, அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள். திருடனுக்காகச் சொல்லவில்லை. அந்தப் பலகையை நம்பி, ‘கேமராவைப் பாருங்கம்மா, நான் எடுக்கலை’ என்று ஒரு நாள் உங்கள் முன்னால் அழுதபடி நிற்கப்போகிற பெண்ணுக்காகச் சொல்கிறேன்.