கேளாமல் கொடுக்கும் மாத்திரை

ஆடிக் கூழ்வார்ப்போ, கிரகப்பிரவேசமோ, தங்கையின் முகூர்த்தமோ, வீட்டில் ஒரு விசேஷம் நிச்சயமானதும் பெண்கள் நாட்காட்டியில் முதலில் எண்ணிப் பார்ப்பது தங்கள் மாதவிடாய்த் தேதியைத்தான். இரண்டும் ஒரே நாளில் வரும் போலிருந்தால், தெருமுனை மருந்துக் கடைக்கு ஆளனுப்பி, 'நாள் தள்ளிப்போகிற மாத்திரை' என்று கேட்டு வாங்குவது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. கடைக்காரரும் அட்டையில் பாதியைக் கத்தரித்துக் காகித உறையிலிட்டுக் கொடுத்தனுப்புகிறார். யாருக்கு, என்ன வயது, வேறு வியாதி உண்டா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

நோரெதிஸ்டிரோன் என்னும் அந்த மருந்து, கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் சுரப்பைப் போலவே வேலை செய்யும்படி 1951-ல் மெக்சிகோ நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் உருவானது. 5 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து உட்கொள்ளும்படி வைத்தியர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் உதிரம் வந்துவிடும். மிதமிஞ்சிய உதிரப்போக்கால் சோகை பிடித்து வாடும் பெண்களுக்கு இது செய்துவரும் உபகாரம் பெரிது. ஆகவே மருந்தின்மேல் எனக்குக் குறையில்லை. விசாரணையின்றி அது கைமாறுவதே என் கவலை.

உட்கொண்ட மருந்தில் ஒரு சிறு பகுதி தேகத்துக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி, இரத்தம் உறையும் இயல்பைச் சற்றே கூட்டக்கூடும். ஆரோக்கியமான இளம்பெண்ணுக்குச் சில நாட்களில் இதனால் தீங்கு நேர்வது அபூர்வம். ஆனால் முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி கண்டவர், கடுமையான கல்லீரல் நோயுள்ளவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர், கர்ப்பமோ என்ற சம்சயம் உள்ளவர் ஆகியோர் இதைத் தாமாகத் தொடவே கூடாது. உடல் பருத்தவர், இம்மாத்திரையைப் போட்டுக்கொண்டு க்ஷேத்திராடனத்துக்காக இரவெல்லாம் பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்தே போனால், அபாயம் இன்னும் கூடுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவ்விதம் சில நாள் உட்கொள்வது கருத்தடையாகாது என்பதையும் தம்பதிகள் அறிந்திருப்பது அவசியம்.

இவ்வளவையும் கேட்டறிய ஒரு வைத்தியருக்குப் பத்து நிமிஷம் போதும். சீட்டில்லாமல் கொடுப்பதில்லையென்று கடைக்காரர்கள் உறுதி பூண வேண்டும். அந்தச் சீட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிரமமோ கூச்சமோ இன்றிக் கிடைக்கும்படி அரசாங்கம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருமகளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவதென்று பெரியவர்கள் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். விழுங்கப்போகிறவள் அவள், வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கே உரியது. அவள் வேண்டாமென்றால், விசேஷத்தின் தேதியை மாற்றுவதோ, அந்த நாளில் அவளையும் மனமுவந்து சேர்த்துக்கொள்வதோ குடும்பத்தாரின் கடமை.