அடியாளுக்கும் அழ ஆள் உண்டு! 'கில்' பார்த்தவங்க ஏன் இப்படிப் பிரிஞ்சு நிக்கிறாங்க?

'கில்' பார்த்துட்டீங்களா? பார்க்கலைன்னாலும் இந்நேரம் உங்க போனுக்குள்ள அது நுழைஞ்சிருக்கும். 2024 ஜூலை 5 அன்று தியேட்டருக்கு வந்த இந்த ஹிந்தி ஆக்‌ஷன் படத்தைப் பற்றி ஒரு ஃப்ரெண்ட் 'வெறித்தனம் மச்சி' என்று ஸ்டேட்டஸ் வைத்திருப்பார். இன்னொருத்தர், 'என்னால பார்க்கவே முடியலப்பா, பாதி நேரம் கண்ணை மூடிட்டுத்தான் இருந்தேன்' என்று சொல்லியிருப்பார். மூணாவது ஆள், 'ஃபைட் எல்லாம் ஓகே... கதை எங்க?' என்று கேட்டிருப்பார்.

மூணு பேரும் பார்த்தது ஒரே படம்தான். சொல்லப்போனால், மூணு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், இந்த மூன்று ரியாக்‌ஷனுமே படத்துக்குள் இருக்கும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் ஸ்பாய்லர் இருக்கு. படம் பார்க்கிற ஐடியா இருந்தா, பார்த்துட்டு வந்து படிங்க.

ஒரு ராத்திரி, ஒரு ரயில்

கதையை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடலாம். ராஞ்சியிலிருந்து டெல்லி போகும் ரயில். வேறு ஒருவருடன் நிச்சயிக்கப்பட்ட காதலி துலிகா, குடும்பத்தோடு அதில் போகிறார். அவரைத் தேடி, என்.எஸ்.ஜி கமாண்டோ அம்ரித் தன் நண்பனோடு அதே ரயிலில் ஏறுகிறார். நடுராத்திரியில் ஒரு கொள்ளைக் கூட்டம் பெட்டிக்குள் புகுந்து வேலையைக் காட்டுகிறது. அவ்வளவுதான். மொத்தப் படமும் 105 நிமிஷம். 'ஏ' சர்ட்டிஃபிகேட்.

இயக்கியவர் நிகில் நாகேஷ் பட். தயாரித்தது கரண் ஜோஹரின் தர்மா புரொடக்‌ஷன்ஸும் குனீத் மோங்காவின் சிக்யா என்டர்டெயின்மென்ட்டும். குடும்பப் படங்களுக்கும் காதல் படங்களுக்கும் பேர்போன தர்மாவிடமிருந்து இப்படி ஒரு ரத்தக் களரியா என்பதே பலருக்கு முதல் அதிர்ச்சி. 2023 டொரன்டோ திரைப்பட விழாவின் 'மிட்நைட் மேட்னஸ்' பிரிவில் திரையிடப்பட்டு, பார்வையாளர் ஓட்டில் இரண்டாம் இடம் பிடித்தது. 2011-ல் இதே பிரிவில் பார்வையாளர் விருதை ஜெயித்த படம் எது தெரியுமா? 'தி ரெய்டு'. இப்போது எல்லோரும் 'கில்'லை எந்தப் படத்தோடு ஒப்பிடுகிறார்களோ, அதே இந்தோனேசியப் படம்தான். இன்னொரு பக்கம், 'ஜான் விக்' இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கியின் நிறுவனம் ஆங்கில ரீமேக்கில் கைகோப்பதாக ரிலீஸை ஒட்டியே அறிவிப்பும் வந்துவிட்டது.

ஏன் இப்படிப் பதறுது?

ரத்தத்தை நாம பார்க்காதவங்க இல்லை. அப்புறம் ஏன் இந்தப் படத்தில் மட்டும் சீட்டில் நெளிகிறோம்?

முதல் காரணம், இடம். ரயில் பெட்டி நமக்கு அத்தனை பழக்கம். சைடு பெர்த், திரைச்சீலை, கதவோரக் கழிவறை, வாஷ்பேசின் என எல்லாவற்றிலும் நாம் இருந்திருக்கிறோம். ஒரு பெட்டியின் மொத்த அகலமே சுமார் 3.2 மீட்டர்தான். அதில் பெர்த்துகள் போக நடக்கக் கிடைக்கும் வழியில் எதிரே ஒருத்தர் சூட்கேஸோடு வந்தாலே ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த இடத்தில் பறந்து அடிக்க முடியாது. காலைத் தூக்கிச் சுழற்ற முடியாது. முழங்கை, முட்டி, கழுத்துப் பிடி, குட்டைக் கத்தி இவ்வளவுதான் வேலை செய்யும். கையில் கிடைக்கும் தீயணைப்பு சிலிண்டர்கூட ஆயுதமாகிவிடுகிறது. அடிப்பவர் முகமும் அடி வாங்குபவர் முகமும் ஒரே ஃப்ரேமில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. நம் படங்களில் அடி வாங்கியவர் 10 அடி தள்ளிப் போய் விழுவார். நம் கண்ணிலிருந்தும் போய்விடுவார். இங்கே விழுந்தவர் அங்கேயேதான் கிடக்கிறார். அவரைத் தாண்டித்தான் அடுத்தவர் வர வேண்டும்.

இதை வடிவமைத்தவர்கள் கொரியாவின் ஓ சே-யங்கும் இந்தியாவின் பர்வேஸ் ஷேக்கும். ஓ சே-யங், ரயிலுக்குள்ளேயே நடக்கும் 'ஸ்னோபியர்சர்' படத்தில் வேலை பார்த்தவர். இடுக்கில் சண்டை போடுவது அவருக்குப் புதுசு இல்லை.

இரண்டாவது காரணம், ஹீரோ. லக்‌ஷ்யாவுக்கு இது முதல் சினிமா. 'போரஸ்' டிவி தொடரில் பார்த்தவர்களுக்கு வேண்டுமானால் அவரைத் தெரியும். மாஸ் ஹீரோ என்றால், என்ன நடந்தாலும் அவர் ஜெயிப்பார் என்ற நிம்மதியோடு பாப்கார்ன் சாப்பிடுவோம். இவர் விஷயத்தில் அந்த கேரன்ட்டி இல்லை. கத்தி அவர் மேலும் இறங்கும்போது நமக்கும் வலிக்கிறது.

டைட்டில் வரும் நேரம்

இந்தப் படத்தில் டைட்டில் ஆரம்பத்தில் வராது. ஏறக்குறைய 45 நிமிஷம் ஓடிய பிறகுதான் 'கில்' என்று திரையில் வரும். பார்த்தவர்கள் அதிகம் பேசும் இடமும் இதுதான். 'அந்த டைட்டில் கார்டுக்கே காசு சரியாப் போச்சு' என்கிற ரகப் பாராட்டுகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அதற்கு முன்புவரை அம்ரித் ஒரு ராணுவ வீரர். எதிராளியை மடக்குகிறார், அடிக்கிறார், பயணிகளைக் காப்பாற்றப் பார்க்கிறார். பிறகு, ராகவ் ஜுயல் நடித்த ஃபனி, துலிகாவை அம்ரித்தின் கண் முன்னாடியே கொன்றுவிடுகிறான். அப்போதுதான் டைட்டில். அதற்கு அப்புறம் அம்ரித் யாரையும் காப்பாற்றுவதற்காகச் சண்டை போடுவதில்லை. கொல்வதற்காகவே கொல்கிறார். தியேட்டரின் விசில் சத்தம் உச்சத்துக்குப் போவது இங்கேதான். இனி ஒருத்தனையும் விடாதே என்று நாமும் மனசுக்குள் சொல்லிவிடுகிறோம்.

படம் நமக்கு வைத்திருக்கும் பொறியும் அதுவே.

அடியாளின் அப்பா

இந்தக் கொள்ளைக் கூட்டம் கூலிக்கு வந்த கூட்டம் இல்லை. ஏறக்குறைய 40 பேர். அப்பா, மகன், சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் தம்பி என்று பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். தலைவர் பேனியாக வருபவர் ஆஷிஷ் வித்யார்த்தி. 'தில்' படத்தில் விக்ரமோடு மோதிய போலீஸ் அதிகாரி. 'கில்லி'யில் விஜய்க்கு அப்பா. 2024 ஏப்ரலில் 'கில்லி' ரீ-ரிலீஸ் ஆனபோது அவரைப் பார்த்து சிரித்துவிட்டு வந்த நாம், மூணே மாசத்தில் அவரை வேறு மாதிரியான அப்பாவாகப் பார்க்கிறோம். ஃபனி அவருடைய மகன்.

அம்ரித் ஒவ்வொருவரையும் முடித்துவிட்டு, உடல்களைப் பெட்டிக்குள் தொங்கவிடுகிறார். கூட்டத்தில் மிச்சமிருப்பவர்கள் அந்தப் பெட்டிக்குள் வருகிறார்கள். தன் வீட்டு ஆள் தொங்குவதைப் பார்க்கிறார்கள். வழக்கமான படத்தில் இந்த இடத்தில் 'அவனை விடாதீங்கடா' என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். இவர்கள் உட்கார்ந்து அழுகிறார்கள். பெயர் சொல்லி, உறவு சொல்லி, மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள்.

அந்த நேரம் உங்க கை எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். விசில் அடிக்க வாய்க்குப் போன விரல் அப்படியே இறங்கியிருக்கும். இவர்கள் நல்லவர்கள் இல்லை. கொஞ்ச நேரம் முன்பு அப்பாவிப் பயணிகளைக் குத்திக் கொன்றவர்கள். அவர்கள் செய்ததைப் படம் எந்த இடத்திலும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால், செத்தவனுக்கும் அழ ஆள் இருக்கிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒரு கட்டத்தில் ஃபனியே அம்ரித்தைப் பார்த்து, 'இப்படி எவனாவது கொல்வானா?' என்கிற அர்த்தத்தில் கேட்கிறான். நீ காக்க வந்தவன் இல்லை, ராட்சசன் என்கிறான். வில்லன் சொல்வது நியாயமாகப் படும் அந்த ஒரு நொடி ரொம்பச் சங்கடமானது.

'கதை எங்க?' என்று கேட்ட நண்பருக்கான பதில் இதுதான். கதை வசனத்தில் இல்லை. நாம் எப்போது விசிலடித்தோம், எப்போது நிறுத்தினோம் என்பதில் இருக்கிறது.

நம்ம ஊர்க் கணக்கு

அடியாள் என்பவர் நம் சினிமாவில் எண்ணிக்கை மட்டும்தான். ஹீரோ எத்தனை பேரை அடித்தார் என்று சொல்வோம். யாரை அடித்தார் என்று யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பரில் வந்த 'அனிமல்' படத்தில், முகமூடி போட்ட ஆட்கள் கும்பல் கும்பலாக விழுவார்கள். பின்னணியில் 'அர்ஜன் வெய்லி' பாட்டு ஓடும். அந்தப் பாட்டு எத்தனை ரீல்ஸுக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். முகமூடிக்குப் பின்னால் யார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்குத்தானே முகமூடி!

கொலைக்குப் பிறகு வரும் கண்ணீர் தமிழுக்குப் புதுசு இல்லை. 1992-லேயே 'தேவர் மகன்' கிளைமாக்ஸில், கொன்ற பிறகு கமல் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். 2023-ல் வந்த 'லியோ'வில், காபி ஷாப் சண்டை முடிந்ததும் பார்த்திபனாக வரும் விஜய் கதறுவார். சண்டையைக் கொண்டாடியவர்களும் அந்த அழுகையைப் பேசினார்கள். ஆனால், இரண்டிலுமே அழுவது ஹீரோ. அவர் அழும்போது நாம் அவர் மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் வைக்கிறோம். 'கில்'லில் அழுவது எதிராளி. அவர் அழுவது நமக்கு வசதியாக இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

துலிகாவுக்கு என்ன கிடைத்தது?

அதற்காகப் படம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. படம் பார்த்த பல பெண்கள் எரிச்சலோடு கேட்கும் கேள்வி நியாயமானது. கத்தி பிடித்து நாலு ஷாட்டில் வரும் அடியாளுக்குக்கூட அழ ஒரு குடும்பம் கொடுத்த இயக்குநர், துலிகாவுக்கு என்ன கொடுத்தார்? தானியா மானிக்தலா வரும் நேரம் வரை நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால், அவருடைய பாத்திரத்தின் வேலை, செத்து ஹீரோவுக்குக் கோபம் வரவைப்பது மட்டும்தான். ஹீரோவின் பழிவாங்கலுக்காக ஒரு பெண்ணைச் சாகடிப்பது சினிமாவின் பழைய குறுக்குவழி. இத்தனை புதுசாக யோசித்த படம், அந்த ஒரு இடத்தில் பழைய வழியிலேயே போய்விட்டது.

'இவ்வளவு ரத்தம் எதுக்கு?' என்ற கேள்வியும் அப்படித்தான். அழுகையைக் காட்டி நம்மைக் குற்ற உணர்ச்சியில் தள்ளும் அதே படம், அடுத்த 5 நிமிஷத்தில் இன்னும் குரூரமான ஒரு சாவைக் காட்டி நம்மை அசத்தப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் கல்லா கட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தால், அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டவர் கோழை இல்லை. படம் கேட்ட கேள்விக்கு அவர் அப்படிப் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

கிளிப்பில் வராத பாதி

இப்போ உங்க கையில் இருக்கும் போனுக்கு வருவோம். இந்தப் படத்திலிருந்து எந்தக் காட்சி கிளிப்பாகச் சுற்றும் என்று யோசியுங்கள். தீயணைப்பு சிலிண்டர் அடி சுற்றும். டைட்டில் கார்டு சுற்றும். கத்திச் சண்டை, மேலே ஒரு அனிருத் பி.ஜி.எம் போட்டு எடிட்டாகச் சுற்றும். தம்பியின் உடலைக் கட்டிக்கொண்டு அழும் கொள்ளைக்காரனை யாராவது ஸ்டேட்டஸ் வைப்பார்களா?

30 விநாடிக்குள் அடி மட்டும்தான் அடங்கும். அந்த அடிக்கு விலை என்ன என்பது அடங்காது. அதனால், தியேட்டரில் ஒரு படமும் போனில் அதே பெயரில் வேறொரு படமும் ஓடுகின்றன. முதல் படம் வன்முறையைக் கண்டு சங்கடப்பட வைக்கிறது. இரண்டாவது, அதைக் கெத்தாக்குகிறது. 'ஏ' சர்ட்டிஃபிகேட் தியேட்டர் வாசலோடு நின்றுவிடும். கிளிப்புக்கு வாசலும் இல்லை, வயசும் இல்லை. வீட்டில் உங்கள் போனை வாங்கி விளையாடும் 10 வயசுத் தம்பி பார்ப்பது அந்த இரண்டாவது படத்தைத்தான்.

இன்னொரு விஷயம். தியேட்டரில் திரையை போனில் பதிவு செய்வது 'ஜஸ்ட் ஸ்டேட்டஸ்க்குத்தானே' என்று விடுகிற விஷயம் இல்லை. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். அதிகபட்சம், படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவிகிதம் வரை போகலாம்.

பார்க்கப் போறீங்களா?

18 வயசு ஆகிவிட்டது, ரத்தம் பார்த்தால் தலை சுற்றாது என்றால் போங்க. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரத்தம் ஒத்துக்காது என்றால் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள். நண்பர்கள் கிண்டல் பண்ணுவார்களே என்று போய் உட்கார வேண்டிய படம் இல்லை இது.

பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்து பாருங்கள். பக்கத்து சீட் எப்போது கத்துகிறது, எப்போது அமைதியாகிறது என்று கொஞ்சம் காது கொடுங்கள். இல்லை, ஓடிடியில் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்கிறீர்களா? தாராளமாக. ஆனால், சண்டை முடிந்து அழுகை தொடங்கும் இடத்தில் விரல் தானாக அந்த 10 விநாடி தள்ளும் பட்டனுக்குப் போகும். போகட்டும், அழுத்தாதீர்கள். அங்கே அழும் அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த சண்டைக்குப் போங்கள்.